ஒத்திகையில் கேட்ட குரல்

போன வாரம் தவறவிட்டவர்களுக்கு மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் காப்பி கலந்துகொண்டு வாருங்கள்.

ஃபிஜியில், நாடி நகரத்துக் கரையோர மாநாட்டு மையத்தில் நிகழ்ச்சி மேலாளர் நம்ம கெலேரா. அதே மையத்தில் அவளுடைய அண்ணன் ஏரோனி கூரைப் பிரிவின் தலைவன். விளக்கு, திரை, ஒலிபெருக்கி என்று தலைக்கு மேலே தொங்குகிற எல்லாம் அவன் பொறுப்பு. ஏரோனியின் மனைவி வாசிதி விருந்துப் பிரிவைப் பார்க்கிறாள். மூன்று பேரும் காலையில் ஒரே வேனில்தான் வருகிறார்கள். ஆனால் கெலேராவும் ஏரோனியும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டார்கள்.

சண்டை கிடையாது. வழக்கம். அப்பா பெனியாமினோ லாவ் தீவுக்காரர். அண்ணனும் தங்கையும் வளர்ந்துவிட்டால் நேருக்கு நேர் பேசக் கூடாது, ஒருத்தர் பெயரை ஒருத்தர் வாயால் சொல்லக் கூடாது. அது மரியாதை. ஃபிஜியில் எத்தனையோ வீடுகள் இதையெல்லாம் எப்போதோ விட்டுவிட்டன. பெனியாமினோ விடவில்லை. அவர் விடாதவரை பிள்ளைகளும் விடவில்லை. கூரைக்குச் சொல்ல வேண்டியதைக் கெலேரா வாசிதியிடம் சொல்வாள், வாசிதி ஏரோனியிடம் சொல்வாள், வேலை நடக்கும். நன்றாகவே நடந்தது. அதுதான் வயிற்றெரிச்சல்.

இந்த வாரம் மையத்தில் நடப்பது கூட்டம் நடத்துகிறவர்களின் கூட்டம். பசிபிக் தீவுகளில் மாநாட்டு மண்டபம் நடத்துகிறவர்கள் எல்லாம் வந்திருக்கிறார்கள். இந்த ஆட்களை நீங்கள் பார்க்க வேண்டும்! எந்த மண்டபத்துக்குள் நுழைந்தாலும் முதலில் கூரையைப் பார்ப்பார்கள். அப்புறம் வெளியேறும் வழி. அப்புறம் கழிப்பறை. மேடையில் பேசுகிறவரை மட்டும் பார்க்கவே மாட்டார்கள். அவர்களுக்காகக் கெலேரா ஒரு கையேடு எழுதியிருக்கிறாள். நாற்காலி போடுவதிலிருந்து புயல் அறிவிப்பு வந்தால் என்ன செய்வது என்பதுவரை எல்லாம் அதில் உண்டு. கடைசி நாளன்று வெளியீடு. அதில் ஆறாம் அத்தியாயம் ஆபத்துக்கால வெளியேற்றம். அதைக் கூட்டத்தாருக்கு முன்கூட்டிச் சொல்லாமல் நடத்திக் காட்டுவதாக ஏற்பாடு.

அந்த ஒத்திகை நாளைக்கு என்றுதான் இருந்தது. காலையில் இவர்களுடைய சங்கத் தலைவியின் விமானம் மாறிவிட்டது, நாளைக்கு அவர் இருக்க மாட்டார். அதனால் ஒத்திகை இன்றைக்கே, மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் என்று முடிவானது.

கெலேரா போனை எடுத்தாள்.

"அண்ணி, எங்க இருக்கீங்க?"

"கூட்டத்துக்கே கொகோண்டா கலந்துக்கிட்டிருக்கேன். பச்சை மீனும் எலுமிச்சையுமா கை நாறுது. எங்க இருப்பேன், கடற்கரையில காலை நீட்டிப் படுத்திருப்பேனா?"

"படுத்தாலும் படுப்பீங்க. சரி, கேளுங்க. ஒத்திகை நாளைக்கு இல்ல, இன்னிக்கு. சாப்பாடு முடிஞ்சு எல்லாரும் உள்ள உக்காந்ததும் மணி அடிக்கும். புகை இயந்திரத்தைக் காவல் பிரிவு ஜோப்பே பாத்துக்குவாரு. நான்தான் காணாமப் போற ஆளு. மாடியில மொழிபெயர்ப்பாளர் அறையில ஒளிஞ்சிருப்பேன்."

"நீயா? உன் உருவத்துக்கு ஒளியறதுக்கு அந்த அறை பத்துமா?"

"அண்ணி!"

"சரி சரி."

"மேல இருக்கவங்களுக்கும் சொல்லிடுங்க."

வாசிதி பக்கம் கரண்டிச் சத்தம் நின்றது.

"நான்தான் சொல்லணுமா?"

"வேற யாரு? லாவுக்குப் போய் அத்தையைக் கூட்டிட்டு வரவா?"

"சரி," என்றாள் வாசிதி.

வழக்கமாக இதற்குப் பத்து பதில் வரும். வெறும் 'சரி' வந்ததைக் கெலேரா கவனித்திருக்க வேண்டும். அவளுக்கு அன்று ஆயிரம் வேலை. போனை வைத்துவிட்டு ஓடினாள்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அந்தக் கையேட்டின் ஆறாம் அத்தியாயத்தில் முதல் விதியே இதுதான்: ஒத்திகையைப் பற்றி ஒவ்வொரு பிரிவுத் தலைவரிடமும் நேரில் போய்ச் சொல், அவர் வாயால் அதைத் திருப்பிச் சொல்லச் சொல், போனில் சொல்லாதே, ஆள் விட்டும் சொல்லாதே. கெலேரா எழுதியதுதான். அன்று காலை அவள் காவல் பிரிவுக்குப் போனாள், ஒலிப் பிரிவுக்குப் போனாள், துப்புரவுப் பிரிவுக்குப் போனாள். எல்லாரையும் திருப்பிச் சொல்ல வைத்தாள். வாசிதியிடம் போனிலேயே முடித்துக்கொண்டாள், கூரைப் பிரிவுக்கு அதுவும் இல்லை. ஒரு விதியை மீறுகிறோம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அண்ணனிடம் போய் நிற்பது அவள் புத்தியில் ஒரு வழியாகவே கிடையாது. சுவருக்குள் நடந்து போக யாராவது நினைப்பார்களா?

மதியம் கொகோண்டாவையும் மரவள்ளிக்கிழங்கையும் ஒரு பிடி பிடித்துவிட்டுக் கூட்டத்தார் பெரிய மண்டபத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.

கூரைக்குக் கீழே ஒரு இரும்பு நடைபாதை போகிறது. ஏரோனி அதில் நடந்துகொண்டிருந்தான். அடுத்தவர் தலைக்கு மேலே நடப்பது எங்கள் ஊரில் பெரிய மரியாதைக்குறைவு. அதனால் ஏரோனி ஒவ்வொரு தடவை மேலே போகும்போதும் கீழே இருப்பவர்களிடம் "துலோ, துலோ" என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டேதான் போவான். கீழே யாருக்கும் கேட்காது. அவ்வளவு மெல்லப் பேசுகிறவன். வாக்கி டாக்கியில் அவன் பேசினால் காதில் அழுத்திப் பிடித்துக் கேட்க வேண்டும். அவன் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. யாரும் கேட்டதில்லை.

கெலேரா மாடிப்படி ஏறினாள். படிக்கட்டுக் கதவருகே காவல் பிரிவுத் தலைவர் ஜோப்பே சாவியோடு நின்றார். அவர் ஊர்க்காரர்களும் லாவ்காரர்களும் ஒருத்தரை ஒருத்தர் எவ்வளவு வேண்டுமானாலும் கிண்டல் செய்யலாம், கோபித்துக்கொள்ளக் கூடாது. அப்படி ஒரு உறவு.

"போங்க மேடம், போய் ஒளிஞ்சுக்கோங்க. லாவ்காரங்களுக்கு வேலை நேரத்துல காணாமப் போறதுக்குச் சொல்லியா தரணும்?"

"உங்க ஊர்க்காரங்க தேட வர்றதுக்குள்ள எனக்கு நரை விழுந்துடும். கதவைப் பூட்டுங்க."

"பூட்டணுமா?"

"ஒரு வழி அடைச்சிருந்தா வேற வழி தேடுறாங்களான்னு பாக்கணும். கையேட்டுல இருக்கு."

"கையேட்டுல இருந்தா சரி," என்று பூட்டினார்.

மொழிபெயர்ப்பாளர் அறை மண்டபத்தின் பின்சுவரில் உயரத்தில் இருக்கிறது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. கெலேரா தரையில் உட்கார்ந்து, மேசைக்கு அடியில் காலை மடக்கிக்கொண்டாள்.

மணி அடித்தது.

விளக்குகள் அணைந்து, அவசர விளக்குகள் மட்டும் மங்கலாக எரிந்தன. மேடைப் பக்கமிருந்து புகை வர ஆரம்பித்தது. "அமைதியாக வெளியேறவும்" என்று ஒலிபெருக்கி சொல்லச் சொல்ல, கூட்டம் என்ன அழகாக எழுந்து போனது தெரியுமா! தொழில்காரர்கள் இல்லையா? ஒருத்தர்கூட கைப்பையைத் தேடவில்லை. கண்ணாடி விளிம்பு வழியாக எட்டிப் பார்த்த கெலேராவுக்கு மனசு குளிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் மண்டபம் காலி. மணி மட்டும் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

இனி வெளியே புல்வெளியில் ஜோப்பே பெயர்களைக் கூப்பிட்டுச் சரிபார்ப்பார். ஒரு பெயருக்குப் பதில் வராது. தேடும் குழு உள்ளே வரும். அவர்களாகக் கண்டுபிடிக்கும்வரை இவள் மூச்சுக் காட்டக் கூடாது. ஏற்பாடு அதுதான்.

அப்போது கீழே யாரோ ஓடி வரும் சத்தம்.

"கெலேரா!"

ஒரு ஆண் குரல். மணிச் சத்தத்துக்கு நடுவே, கண்ணாடியைத் தாண்டி, கிழிந்த மாதிரி வந்தது.

"கெலேரா! எங்க இருக்கே? கெலேரா!"

பரவாயில்லையே, நன்றாக நடிக்கிறார்களே என்று நினைத்தாள். குரலில் எப்படி ஒரு பதற்றம்! யாராக இருக்கும்? ஒலிப் பிரிவுப் பையனா? அவன் இன்னும் கீச்சென்று பேசுவான். டோங்காவிலிருந்து வந்திருந்த அந்தக் குண்டு மனிதரா? எங்கேயோ கேட்ட குரல் மாதிரியும் இருந்தது, கேட்காத குரல் மாதிரியும் இருந்தது.

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அண்ணன் குரல் மாதிரி இருக்கிறதே என்று பட்டது. உடனே அந்த நினைப்பைத் தள்ளிவிட்டாள். அண்ணன் வாயில் அவள் பெயர் எப்படி வரும்?

கீழே மாடிப்படிக் கதவை யாரோ இடித்தார்கள். திறக்கவில்லை. இன்னொரு தடவை உடம்பால் மோதியது கேட்டது. பிறகு சத்தம் நின்றது. சபாஷ், வேறு வழி தேடப் போகிறார்கள் என்று கெலேரா சந்தோஷப்பட்டாள். ஆமாம், சந்தோஷப்பட்டாள். அதை நினைத்து நினைத்துத்தான் பிற்பாடு தலையில் அடித்துக்கொண்டாள்.

தலைக்கு மேலே இரும்பு அதிர்ந்தது. நடைபாதையில் யாரோ ஓடுகிறார்கள். புகையில் ஒன்றும் தெரியவில்லை.

"கெலேரா! பதில் சொல்லு! தாயே, பதில் சொல்லு!"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு.

அப்புறம் கண்ணாடிக்கு வெளியே மேலிருந்து கீழாக ஏதோ போனது. மூட்டை மாதிரி. கீழே அடுக்கி வைத்திருந்த மேடைச் சட்டங்கள்மேல் அது விழுந்த சத்தத்தில் அறையின் கண்ணாடி நடுங்கியது.

மணி நின்றது.

கெலேரா எழுந்து நின்று கீழே பார்த்தாள். புகை மெல்ல விலகியது. முதலில் காலணி தெரிந்தது, பிறகு மஞ்சள் சட்டை. கூரைப் பிரிவில் மட்டும்தான் மஞ்சள் சட்டை போடுவார்கள். மேலே ஏறினால் ஒரு தடவைகூட இடுப்புக் கயிற்றை மாட்டாமல் இருந்ததில்லை ஏரோனி. அந்தக் கயிறு நடைபாதையின் ஆரம்பத்தில் கொக்கியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் கத்தினாளா என்று அவளுக்கே தெரியாது. கத்தினாள் என்று ஜோப்பே சொல்கிறார். பூட்டின கதவுக்குப் பின்னால் நின்று உள்ளங்கையால் அறைந்து அறைந்து, திறங்க திறங்க என்று கத்தினாளாம். ஜோப்பே சாவியைத் துவாரத்தில் நுழைக்கத் தடுமாறினாராம்.

லௌதோகா ஆஸ்பத்திரியின் தாழ்வாரத்தில் கெலேரா நின்றுகொண்டே இருந்தாள். உட்காரச் சொன்னால் உட்காரத் தெரியவில்லை. கழுத்தில் மாநாட்டு அடையாள அட்டை அப்படியே தொங்கியது. வாசிதி எதிர்நாற்காலியில், கைகளை மடியில் வைத்து, கொகோண்டா வாடையோடு உட்கார்ந்திருந்தாள்.

பெனியாமினோ வாடகைக் காரில் வந்து இறங்கினார். இடுப்பில் சுலு வேட்டி, மேலே ஞாயிற்றுக்கிழமைச் சட்டை. பதற்றத்தில் கைக்குக் கிடைத்ததை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார். நாற்காலியில் உட்காராமல் நேராகத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். அவருக்குப் பெரிய விஷயம் எதுவும் தரையில் உட்கார்ந்துதான் பேசணும்.

"என்ன ஆச்சு?"

ஜோப்பேதான் சொன்னார். ஒத்திகை, புகை, பூட்டு எல்லாம் சொன்னார்.

"புல்வெளியில நான் பேர் வாசிச்சேன், அய்யா. மேடம் பேருக்குப் பதில் இல்ல. ஏற்பாடு அப்படித்தான். 'கெலேரா இல்லை, கெலேரா உள்ள இருக்காங்க'ன்னு நானே மைக்ல சொன்னேன். அவர் என்னைப் பாத்தாரு. நான் நடிச்சுக்கிட்டே நின்னேன் அய்யா. அவர் ஓடிட்டாரு."

"பேர் சொல்லியா கூப்பிட்டான்?" என்று கேட்டார் பெனியாமினோ.

ஜோப்பே தலையைக் குனிந்துகொண்டார். இந்த வீட்டு வழக்கம் அவருக்கும் தெரியும்.

"சொல்லித்தான் கூப்பிட்டாரு. புல்வெளி வரைக்கும் கேட்டுச்சு. எல்லாருக்கும் கேட்டுச்சு."

கெலேரா அப்பாவின் முகத்தைப் பார்க்கப் பயந்தாள். வழக்கத்தை மீறினால் அவர் நாள் கணக்கில் சாப்பிடாமல் இருந்ததை அவள் பார்த்திருக்கிறாள்.

பெனியாமினோ மகளைப் பார்த்தார். "நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லலப்பா."

"அவன் கூப்பிட்டான். உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"கேட்டும் பதில் சொல்லலையா?" கிழவரின் குரல் உடைந்தது. "ஏன்? ஏண்டி சொல்லல? நான் திட்டுவேன்னா? நெருப்புக்கு நடுவுல நின்னு அண்ணன் கூப்பிட்டா வாயை மூடிக்கிட்டு இருன்னா நான் உனக்குச் சொல்லிக் குடுத்தேன்?"

"அதுக்கில்லப்பா…"

"பின்ன எதுக்கு?"

கெலேரா சுவரில் சாய்ந்தாள். சொல்லாமல் இருக்க முடிந்தால் சொல்லியிருக்க மாட்டாள்.

"அண்ணன் குரல்னு எனக்குத் தெரியலப்பா. யாரோன்னு நினைச்சேன். அண்ணன் என் பேரைச் சொன்னா எப்படி இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் கேட்டதே இல்லையே!"

பெனியாமினோ ரெண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினார். அந்த மனிதர் அழுது அந்தக் குடும்பத்தில் யாரும் பார்த்ததில்லை. பார்க்கச் சகிக்கவில்லை.

கெலேரா வாசிதி பக்கம் திரும்பினாள். இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்தது எல்லாம் பொங்கி வந்தது.

"அண்ணி, நீங்க சொன்னீங்கதானே? ஒத்திகை இன்னிக்குத்தான்னு அண்ணன்கிட்ட சொன்னீங்கதானே?"

வாசிதி விரலில் ஒட்டியிருந்த எலுமிச்சைத் தோலைச் சுரண்டினாள்.

"அண்ணி!"

"சொல்லல."

"என்னது?"

"சொல்லல கெலேரா. சொல்லணும்னு ஏணி வரைக்கும் போனேன். மேல அவர் முதுகு தெரிஞ்சுது. கூப்பிட வாய் வரல. திரும்பி வந்துட்டேன். நாளைக்குன்னு அவருக்குத் தெரியும், இன்னிக்கு மணி அடிச்சா ஜோப்பே சொல்லிடுவாருன்னு நினைச்சேன்."

"வாய் வரலையா? உங்க புருஷன்கிட்ட பேச உங்களுக்கு வாய் வரலையா?"

"நாங்க பேசி மூணு வாரம் ஆகுது."

கெலேரா கணக்குப் போட்டுப் பார்த்தாள். மூணு வாரமா? இந்த மாநாட்டுக்கான மொத்த ஏற்பாடும் இந்த மூணு வாரத்தில்தானே நடந்தது! எந்த விளக்கு எங்கே, எந்தத் திரை எவ்வளவு உயரம், எதை எப்போது இறக்க வேண்டும் என்று தினம் காலையில் வாசிதியின் சமையல்கட்டில் நின்று சொன்னாளே. ஒன்று பிசகாமல் நடந்ததே!

"பொய் சொல்லாதீங்க அண்ணி. நான் உங்ககிட்ட சொன்னது எல்லாம் அண்ணன் செஞ்சிருக்காரு. நீங்க சொல்லாம எப்படிச் செஞ்சாரு?"

"அவரே கேட்டுக்குவாரு."

"எங்க இருந்து?"

"கதவுக்குப் பின்னால நின்னு. நீ என்கிட்ட பேசுறப்பல்லாம் பண்டகசாலைக் கதவுக்கு அந்தப் பக்கம் டீயைக் கையில வெச்சுக்கிட்டு நிப்பாரு. இந்த மூணு வாரம் மட்டும் இல்ல, எனக்குக் கல்யாணம் ஆனதுலேருந்தே அப்படித்தான். நீ சிரிச்சா அவரும் சிரிப்பாரு. நீ போனதும் டீயைக் குடிச்சுட்டுப் போயிடுவாரு. நான் ஒரு நாளும் அவருக்கு எதையும் திருப்பிச் சொன்னதில்ல. சொல்ல வேண்டி இருந்ததே இல்ல." வாசிதி மூக்கை உறிஞ்சினாள். "இன்னிக்கு மட்டும் நீ போன்ல சொன்னே."

கெலேரா அப்பா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"புல்வெளியில நீங்க அவர் பக்கத்துலதானே நின்னீங்க?" என்று கேட்டாள்.

"நின்னேன். ஓடுறப்ப கத்தினேன். போகாதீங்க, அவளுக்கு ஒண்ணும் இல்லன்னு கத்தினேன். மூணு வாரம் பேசாதவ திடீர்னு கத்துனா என்ன நினைப்பாரு? புருஷன் போயிடக் கூடாதுன்னு கத்துறேன்னு நினைச்சிருப்பாரு. என்னைத் தள்ளிட்டுப் போயிட்டாரு."

"எதுக்காகப் பேசாம இருந்தீங்க? என்ன அண்ணி அப்படி ஒரு சண்டை?"

வாசிதி அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "அதை இப்பக் கேக்காத. உனக்கும் அதுல சம்பந்தம் இருக்கு. அவர் பொழச்சு வரட்டும், அவர் முன்னாலேயே சொல்றேன்."

எனக்கா சம்பந்தம் என்று கெலேரா கேட்பதற்குள் கதவு திறந்தது. டாக்டர் பிரவீணா முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு வந்தார். சின்ன வயசுப் பெண்தான். சுற்றி வளைக்காமல் பேசினார்.

"தலையில அடி பெருசா இல்ல, நினைவு வந்துடுச்சு, பேசுறாரு. பிரச்சினை வலது கால்தான். முட்டிக்குக் கீழ ரத்தம் ஓடல. ரெண்டு வழி இருக்கு. ரத்தக்குழாயை ஒட்டிக் காலைக் காப்பாத்தப் பாக்கலாம். அது நீளமான ஆபரேஷன், ஏற்கெனவே நிறைய ரத்தம் போயிருக்கு, மேசையிலேயே உயிருக்கு ஆபத்து வரலாம். இல்லைன்னா இப்பவே முட்டிக்குக் கீழ எடுத்துடலாம். உயிருக்குப் பயம் ரொம்பக் குறைவு."

"காலை எடுத்தா அவன் எப்படி மேல ஏறுவான்?" என்றார் பெனியாமினோ.

டாக்டர் எல்லாரையும் ஒரு முறை பார்த்தார். "அவர்கிட்டயே கேட்டேன். முடிவு அவரோடது. ஆனா அவர், 'என் தங்கச்சி சொல்லட்டும்'னு சொல்றாரு. வேற எதுவும் சொல்ல மாட்டேங்குறாரு. யாரு தங்கச்சி?"

எல்லாரும் கெலேராவைப் பார்த்தார்கள். வாசிதியின் முகம் வெளுத்ததை நான் சொல்லாமல் விட முடியாது. கட்டின பெண்டாட்டி கல்லு மாதிரி எதிரே உட்கார்ந்திருக்கிறாள். அவளைக் கேட்கவில்லை அவன்.

"நான் எப்படி டாக்டர்? அண்ணி இருக்காங்க, அப்பா இருக்காரு. நான் யாரு?"

"நானும் கேட்டேன். ஏன் தங்கச்சின்னு. 'எது விழுந்தா என்ன செய்யணும்னு அவளுக்குத்தான் தெரியும், அதுதான் அவ வேலை'ன்னாரு."

"போ," என்றாள் வாசிதி. உதட்டைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "உன்னைத்தானே கேட்டிருக்காரு. போ."

"அப்பா…"

பெனியாமினோ தரையிலிருந்து தலையைத் தூக்கினார். "இன்னிக்கு ஒரு தடவை அவன் கூப்பிட்டுப் பதில் இல்லாம போச்சு. அதுக்கு நான்தான் காரணம். இன்னொரு தடவை வேண்டாம். உள்ள போ."

உள்ளே திரை போட்ட கட்டிலில் ஏரோனி கிடந்தான். அந்தப் பெரிய உடம்பு கட்டிலுக்கு அடங்கவில்லை. நெற்றியில் கட்டு. கால்மேல் ஒரு துணிக்கூடாரம். தங்கை வருவது தெரிந்ததும் பழக்கத்தில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். கெலேராவும் பழக்கத்தில் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். பிறகு ரெண்டு பேருக்குமே அது தெரிந்தது. அவன்தான் முதலில் திரும்பினான்.

எவ்வளவு நரைத்துவிட்டான்! தினம் ஒரே வேனில் வருகிறாள், அவன் காதோரம் நரைத்திருப்பதை இன்றுதான் பார்க்கிறாள்.

அவன் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

உயரம் என்றால் உயிரை விடுகிறவன். தரையில் நின்றால் கைகால் வைக்க இடம் தெரியாமல் தவிப்பான். இரும்புமேல் ஏறினால்தான் அவன் ஏரோனி. காலை எடுத்துவிட்டால் நாளைக்கு அந்த மையத்தில் அவனுக்கு என்ன வேலை? எடுக்காமல் விட்டுப் பார்க்கலாமா? ஒட்டிக்கொண்டால்? ஒட்டாமல் மேசையிலேயே போய்விட்டால்? கெலேராவின் மூளை அவளுக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தது. எது போனால் திரும்ப வாங்க முடியாது, எது போனாலும் மிச்சத்தை வைத்துச் சமாளிக்கலாம் என்று பார்த்தது. அப்படிப் பார்த்ததற்காகத் தன்னையே வெறுத்தாள். ஆனாலும் பார்த்தாள்.

கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா," என்றாள். "காலை எடுத்துடச் சொல்றேன்."

வளர்ந்த பிறகு தன் அண்ணனைப் பார்த்து அவள் பேசிய முதல் வார்த்தைகள் அவைதான்.

ஏரோனியின் கண் நிறைந்து காதுப்பக்கமாக வழிந்தது. திரைக்கு வெளியே டாக்டர் காத்திருந்தார். அவன் தன் மெல்லிய குரலில் சொன்னான்.

"சத்தமாச் சொல்லு. டாக்டருக்குக் கேக்கல."

கெலேரா சத்தமாகச் சொன்னாள்.